பயஸிடம் தோற்ற அந்த கிரேக்கப் பெண்: எலெனி டானிலிடு பற்றி ஓர் இழை

புல்தரை_பாலா எழுதியது:

2003 ஆஸ்திரேலிய ஓப்பன் கலப்பு இரட்டையர் இறுதியைப் பற்றிப் பேச்சு வந்தால் நம்மவர்கள் எல்லோரும் பயஸ், நவ்ரத்திலோவா என்று ஆரம்பித்து அங்கேயே நிறுத்திக்கொள்கிறார்கள். 6-4, 7-5. நவ்ரத்திலோவாவுக்கு அப்போது 46 வயது. நான்கு கிராண்ட்ஸ்லாம்களிலும் ஒற்றையர், இரட்டையர், கலப்பு இரட்டையர் என்று 12 பெட்டிகள் போட்டால் அவருக்கு நிரம்பாமல் இருந்த ஒரே பெட்டி அதுதான், அதையும் அன்று நிரப்பிவிட்டார். இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், சரி. எதிர்ப்பக்கம் யார்? டாட் உட்பிரிட்ஜ் என்று பாதிப் பேர் சொல்வார்கள். அவரோடு ஆடிய 20 வயதுப் பெண்ணின் பெயரைக் கேட்டால் மட்டும் "யாரோ ஒரு கிரேக்கப் பெண்" என்பதோடு முடிந்துவிடும்.

எலெனி டானிலிடு. கிரீட் தீவின் ஹானியா ஊர்க்காரர், 1982 செப்டம்பரில் பிறந்தவர். டபிள்யூடிஏ (பெண்கள் தொழில்முறைச் சுற்று) ஒற்றையர் பட்டங்கள் 5: 2002ல் நெதர்லாந்தின் ரோஸ்மாலன், 2003லும் 2004லும் ஆக்லாந்து, 2006ல் சியோல், 2008ல் ஹோபார்ட். 2003 மே மாதத்தில் உலகத் தரவரிசையில் 14. அவருக்கு முன்னால் எந்த கிரேக்கப் பெண்ணும் டபிள்யூடிஏ ஒற்றையர் பட்டம் வென்றதில்லை. ஓய்வு பெற்றுப் பல வருடங்கள் ஆகின்றன, நம் மன்றத்தில் தேடிப் பார்த்தேன், அவர் பெயரில் ஒரு இழைகூட இல்லை.

என் கட்சி இதுதான்: கிரீஸின் மிகச் சிறந்த வீராங்கனை என்று இன்று எல்லோரும் மரியா சக்காரியைச் சொல்கிறார்கள், நான் டானிலிடு என்பேன். சக்காரியிடம் இருப்பது 2 பட்டம், இவரிடம் 5. சண்டைக்கு வரலாம்.

கயல் எழுதியது:

வந்துவிட்டேன் பாலா அண்ணா :)

மரியா சக்காரி உலகின் 3ஆம் இடம் வரை போனவர். முதல் பத்துக்குள் நுழைந்த முதல் கிரேக்கப் பெண். 2021ல் பிரெஞ்சு ஓப்பன், அமெரிக்க ஓப்பன் இரண்டிலும் அரையிறுதி, அதே வருடத்தில். இந்தியன் வெல்ஸில் இரண்டு முறை இறுதி. குவாதலஹாராவில் 1000 புள்ளிப் பட்டம், அதாவது கிராண்ட்ஸ்லாமுக்கு அடுத்த தட்டு. இதற்கு எதிரில் ஆக்லாந்தையும் ஹோபார்ட்டையும் வைத்து 5 பெரிதா 2 பெரிதா என்று கேட்டால் என்ன சொல்வது? அந்த 5ம் அந்தக் காலத்து டயர் 3, டயர் 4 போட்டிகள், அதாவது கீழ்த்தட்டுப் போட்டிகள். பெரிய பெயர்கள் பாதிப் பேர் அந்த வாரங்களில் ஓய்வில் இருப்பார்கள். அதிலும் ஹோபார்ட் இறுதியில் ஒரு பந்துகூட அடிக்கவில்லை, ஸ்வோனரேவா காயம் என்று வராமல் போனதால் கோப்பை கைக்கு வந்தது.

டானிலிடு நல்ல ஆட்டக்காரர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் "மிகச் சிறந்த" என்ற இடத்தில் அவரை உட்கார வைப்பது பழைய ரசிகர்களின் பாசம், அவ்வளவுதான்.

புல்தரை_பாலா எழுதியது:

ஹோபார்ட் இறுதி வாக்ஓவர்தான், மறுக்கவில்லை. அந்த இறுதிக்கு வர நாலு ஆட்டம் ஜெயிக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் தங்கச்சி.

ரோஸ்மாலனை "டயர் 3" என்று ஒரே வார்த்தையில் தள்ள முடியாது. 2002 ஜூன், விம்பிள்டனுக்கு முந்தைய வாரம், புல்தரை. இறுதியில் எதிரே எலினா டெமென்டியேவா. முதல் செட் 3-6 போய்விட்டது, அப்புறம் 6-2, 6-3. டெமென்டியேவா பேஸ்லைனிலிருந்து எப்படி அடிப்பார் என்று உங்களுக்கே தெரியும், அப்படிப்பட்டவரை முதல் செட்டை விட்ட பிறகு 19 வயதில் திருப்பி அடித்த பெண் இவர். பட்டத்தைத் தூக்கிக்கொண்டு நேராக விம்பிள்டன் போய் அங்கே நாலாவது சுற்று வரை ஆடினார். ஏதோ ஒரு வாரம் அதிர்ஷ்டம் அடித்தவர்கள் அடுத்த வாரம் முதல் சுற்றிலேயே வெளியே போவதைத்தான் வழக்கமாகப் பார்க்கிறோம்.

நெட்கார்டு_நாகு எழுதியது:

சக்காரியின் அரையிறுதிகள் பற்றி ஒன்று. 2021 பாரிஸில் கிரெஜிசிகோவாவுக்கு எதிராக மேட்ச் பாயின்ட் கையில் வைத்திருந்து மூன்றாவது செட்டை 7-9 என்று விட்டார். அதே வருடம் நியூயார்க்கில், தகுதிச் சுற்றிலிருந்து வந்த ரடுகானுவிடம் 6-1, 6-4. இரண்டு இடத்திலும் கோப்பை எட்டும் தூரத்தில்தான் இருந்தது. டானிலிடுவுக்கு அந்தத் தூரம் வரை வரவே வாய்க்கவில்லை, ஆனால் கோப்பை எட்டும் தூரத்தில் வந்தபோது எடுத்துக்கொண்டார். 2003 ஆக்லாந்து இறுதி கொரியாவின் சோ யூன்-ஜியோங்குடன், மூன்றாவது செட் டைபிரேக். 2006 சியோல் இறுதி அய் சுகியாமாவுடன், அதுவும் மூன்றாவது செட் டைபிரேக். இரண்டிலும் ஜெயித்தது இவர். இது ஒரு தனிக் குணம். இதை வைத்து யார் பெரியவர் என்று தீர்ப்புச் சொல்ல முடியாது, அதுவும் தெரியும்.

மாறன்77 எழுதியது:

14ஆம் இடம் எப்படி வந்தது, ஏன் தங்கவில்லை என்பதை யாரும் தொடவில்லை, அதைச் சொல்கிறேன்.

தரவரிசை என்பது 52 வாரக் கணக்கு. போன வருடம் இதே வாரத்தில் வாங்கிய புள்ளி இந்த வருடம் அதே வாரத்தில் கழிந்துவிடும். இப்போது 2003 மே மாதத்தில் நின்று பின்னால் திரும்பிப் பாருங்கள். 2002 ஜூனில் ரோஸ்மாலன் பட்டம், அடுத்து விம்பிள்டன் நாலாவது சுற்று, 2003 ஜனவரியில் ஆக்லாந்து பட்டம், அடுத்து ஆஸ்திரேலிய ஓப்பன் நாலாவது சுற்று. அவருடைய சிறந்த நான்கு முடிவுகளும் ஒரே 52 வாரத்துக்குள் வந்து விழுகின்றன. களிமண் தரைப் பருவத்தின் நடுவில், அவருக்கு அவ்வளவாகப் பிடிக்காத தரையில் எல்லோரும் ஆடிக்கொண்டிருக்கும்போது, அவர் தன் வாழ்நாளின் உச்ச இடத்தில் இருக்கிறார். காரணம் களிமண்ணில் ஏதோ செய்தார் என்பதல்ல, புல்லிலும் ஹார்ட் கோர்ட்டிலும் சேர்த்த புள்ளி இன்னும் கழியாமல் இருந்தது.

அடுத்த மாதம் ரோஸ்மாலன் வருகிறது. அந்த வருடம் அங்கே கிளைஸ்டர்ஸும் ஹெனினும் இறுதிக்கு வந்தார்கள், பட்டம் கிளைஸ்டர்ஸுக்கு. டானிலிடுவின் போன வருடப் புள்ளி போயிற்று. விம்பிள்டன் புள்ளியும் போயிற்று. அதற்குப் பிறகு முதல் பத்தை நெருங்கும் வாய்ப்பு வரவில்லை. ஆக்லாந்தை மட்டும் 2004ல் போய்க் காப்பாற்றிக்கொண்டார், இறுதியில் ஆஷ்லி ஹார்கல்ரோட்டை 6-3, 6-2.

கயலுக்கு ஒரு கேள்வி. 2003ல் அவருக்கு மேலே இருந்தவர்கள் யார் யார்? செரீனா, வீனஸ், கிளைஸ்டர்ஸ், ஹெனின், டேவன்போர்ட், மோரெஸ்மோ, கப்ரியாட்டி, ஹன்டுசோவா, இப்படிப் போகிறது. அந்தக் கூட்டத்தில் 14 என்பதை இன்றைய 14 என்று எடுத்துக்கொள்ள முடியுமா?

கயல் எழுதியது:

மாறன் சார், "அந்தக் காலத்துக் கூட்டம்" என்ற வாதத்தைக் கேட்டுக் கேட்டுக் காது வலிக்கிறது. ஒவ்வொரு தலைமுறையும் தன் காலத்துக் கூட்டம்தான் பெரியது என்கிறது. சக்காரி 3ஆம் இடத்தில் இருந்தபோது ஷ்வியான்டெக் எதிரே இருந்தார், ஒசாகா இருந்தார், ஆஷ்லி பார்ட்டி அப்போதுதான் ஓய்வை அறிவித்தார். அவர்கள் என்ன பொம்மைகளா?

52 வாரக் கணக்கை விளக்கியதற்கு நன்றி, அது எனக்குப் புதிது இல்லை என்றாலும் இந்த நாலு முடிவுகளும் ஒரே ஜன்னலுக்குள் விழுந்ததை நான் கவனித்ததில்லை. ஆனால் அது என் பக்கத்துக்குத்தான் உதவுகிறது. எட்டு மாத நல்ல ஆட்டம், அதனால் 14. சக்காரி வருடக்கணக்கில் முதல் பத்தில் இருந்தார்.

ஒருகை_பேக்ஹேண்ட் எழுதியது:

தரவரிசையை விடுங்கள், அவர் ஆடுவதை யாராவது பார்த்திருக்கிறீர்களா?

ஆறடி உயரம். வலது கை. ஒரு கை பேக்ஹேண்ட், என் பெயரைப் பார்த்தாலே இதைப் பற்றி நான் பேசாமல் விடமாட்டேன் என்று தெரிந்திருக்கும். அந்தக் காலத்தில் பெண்கள் ஆட்டத்தில் ஒரு கை என்றால் ஹெனின், மோரெஸ்மோ, ஸ்கியாவோனே என்று விரல் விட்டு எண்ணலாம். மற்ற எல்லோரும் இரு கையால் தட்டையாக, பேஸ்லைனை விட்டு நகராமல் அடித்துக்கொண்டிருந்தார்கள். டானிலிடுவின் பேக்ஹேண்ட் ஹெனினுடையதைப் போல மந்திரம் இல்லை. அதை அவர் பெரும்பாலும் ஸ்லைஸாக, அதாவது பந்தைக் கீழ்ப்பக்கம் அறுத்து, தாழ்வாக இறக்கிவிட்டு, ஃபோர்ஹேண்ட் பக்கம் பந்து வரும் வரை காத்திருந்து, வந்ததும் ஓங்கி அடிப்பார். ஃபோர்ஹேண்டும் சர்வும்தான் சோறு போட்டவை.

இந்த ஆட்டம் புல்லில் ஏன் எடுபட்டது என்று பாருங்கள். புல்லில் ஸ்லைஸ் பந்து எழும்பாமல் வழுக்கிக்கொண்டு வரும், இரு கைக்காரர்கள் முட்டியை மடக்கிக் கீழே குனிந்து எடுத்துத் தர வேண்டும். உயரமான டெமென்டியேவா போன்றவர்களுக்கு அது எரிச்சல். களிமண்ணில் அதே ஸ்லைஸ் எழும்பி இடுப்பு உயரத்தில் நிற்கும், எதிராளி நிதானமாக நின்று தோள் உயரப் பந்தாக அவருடைய ஒரு கை பேக்ஹேண்டுக்கே திருப்பி அனுப்புவார். ஒரு கைக்காரர்களுக்கு அதைவிடத் தொல்லை வேறு இல்லை, நான் ஞாயிற்றுக்கிழமைதோறும் என் கிளப்பில் அனுபவிக்கிறேன். அவருடைய 5 பட்டங்களில் ஒன்றுகூடக் களிமண்ணில் இல்லை. ஒன்று புல், நான்கு ஹார்ட் கோர்ட்.

தெற்கு ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் களிமண் பூச்சிகள் என்று நினைக்கும் நண்பர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

திருச்சி_தேவா எழுதியது:

கேள்வி: கிரீஸில் டென்னிஸ் என்று ஒன்று டானிலிடுவுக்கு முன்னால் இருந்ததா? சாம்ப்ராஸ் கிரேக்கர் என்று எங்கேயோ படித்தேன்.

நெட்கார்டு_நாகு எழுதியது:

தேவா தம்பி, சாம்ப்ராஸ் பிறந்தது வாஷிங்டனில், ஆடியது அமெரிக்காவுக்கு. பெற்றோர் வழியில் கிரேக்கர். மார்க் பிலிப்பூசிஸ் மெல்போர்னில் பிறந்த ஆஸ்திரேலியர், அப்பா கிரேக்கர். பாக்தாதிஸ் சைப்ரஸ்காரர். வெளியே பிறந்து வெளியே ஆடிய கிரேக்கப் பெயர்கள் டென்னிஸில் எப்போதும் உண்டு. கிரீஸிலேயே பிறந்து, கிரீஸ் கொடியின் கீழேயே ஆடி, உலகச் சுற்றில் பட்டம் எடுப்பது என்பதுதான் அபூர்வமாக இருந்தது.

டென்னிஸ் மட்டும் அங்கே பழசு. 1896ல் ஏதென்ஸில் முதல் நவீன ஒலிம்பிக் நடந்தபோதே டென்னிஸ் இருந்தது. ஒற்றையர் இறுதியில் அயர்லாந்தின் ஜான் பயஸ் போலண்ட் ஜெயித்தார் (இந்தப் பயஸுக்கும் நம் பயஸுக்கும் சம்பந்தமில்லை), தோற்றவர் டியோனிசியோஸ் கஸ்டாக்லிஸ், எகிப்து வாழ் கிரேக்கர். அப்புறம் நிக்கோலாஸ் கலோகெரோபூலோஸ் 1963ல் விம்பிள்டன் ஜூனியர், பிரெஞ்சு ஜூனியர் இரண்டையும் வென்றார்.

பெண்களில் டானிலிடுவுக்கு முன்னால் பெரிய பெயர் ஏஞ்சலிக்கி கனெலோபூலூ, 1987ல் 43ஆம் இடம். அவர் யார் தெரியுமா? மரியா சக்காரியின் அம்மா.

கயல் எழுதியது:

ஹா, பாருங்கள், சக்காரி வீட்டுக்குள்ளேயே தொடர்ச்சி இருக்கிறது. அம்மா 43, மகள் 3.

புல்தரை_பாலா எழுதியது:

அது என் வாதத்துக்கு வலு சேர்க்கிறது தங்கச்சி. சக்காரிக்கு வீட்டிலேயே உலகச் சுற்றைத் தெரிந்த அம்மா. கிரேக்க வீரர் சிட்சிபாஸுக்கு அம்மா யூலியா சோவியத் காலத்தில் ஆடியவர், அப்பா பயிற்சியாளர். டானிலிடு மேலே வந்த காலத்தில் கிரீஸில் பெண்கள் சுற்றுப் போட்டி ஒன்றுகூடக் கிடையாது. ஆண்களுக்கான ஏதென்ஸ் போட்டி 1994ல் நின்றது, அதற்குப் பிறகு ஏடிபி (ஆண்கள் தொழில்முறைச் சுற்று) போட்டி ஏதென்ஸுக்குத் திரும்பியது 2025ல். இடைப்பட்ட காலம் முழுவதும் சொந்த ஊரில், சொந்தக் கூட்டத்தின் முன்னால், வைல்டு கார்டு (தரவரிசை போதாதவர்களுக்குத் தரும் நேரடி அனுமதி) வாங்கி ஆடி வளரும் வசதி எந்த கிரேக்கப் பிள்ளைக்கும் இல்லை. பிரெஞ்சுக்காரர்களுக்கும் அமெரிக்கர்களுக்கும் வருடத்துக்கு எத்தனை போட்டி சொந்த நாட்டில் என்று எண்ணிப் பாருங்கள், அப்புறம் 14 எவ்வளவு உயரம் என்று தெரியும்.

சொந்த மண்ணில் பெரிய மேடை என்று கிடைத்தது 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக். அங்கே பெண்கள் ஒற்றையர் தங்கம் ஹெனினுக்குப் போனது. நம்மவர்களுக்கு அந்த ஒலிம்பிக் என்றால் பயஸும் பூபதியும் வெண்கலத்தை மூன்றாவது செட் 14-16ல் கோட்டைவிட்ட ராத்திரி.

மாறன்77 எழுதியது:

அந்த ராத்திரியை ஏன் ஞாபகப்படுத்துகிறீர்கள். அன்று ஜெயித்த ஆன்சிச், லூபிசிச் பெயரைக் கேட்டாலே இன்னும் கோபம் வருகிறது.

இரண்டாம்_சர்வ் எழுதியது:

தாமதமாக வருகிறேன். 2003 கலப்பு இரட்டையர் பற்றித் தொடங்கிய இழையில் அதைப் பற்றி யாருமே பேசவில்லையே.

உட்பிரிட்ஜ் சாதாரண ஆள் இல்லை. ஆண்கள் இரட்டையரில் 16, கலப்பில் 6, மொத்தம் 22 கிராண்ட்ஸ்லாம் பட்டம். கலப்பில் அவர் ஜெயித்த பட்டங்களில் கூட ஆடியவர்கள் எல்லோரும் இரட்டையரில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள்: சுகோவா, சான்செஸ் விகாரியோ, நெய்லண்ட், ஸ்மைலி. சொந்த நாட்டில், மெல்போர்னில், அவர் 20 வயது ஒற்றையர் ஆட்டக்காரரோடு இறுதி வரை வந்திருக்கிறார். கலப்பு இரட்டையரில் எதிரணி எப்போதும் பெண்ணின் பக்கம்தான் பந்தைத் திணிக்கும், அங்கேதான் ஓட்டை இருக்கும் என்று நினைப்பார்கள். ஆறடி உயரமும் கனமான ஃபோர்ஹேண்டும் உள்ளவர் என்றால் அந்தத் திணிப்பு எளிதில் பலிக்காது. உட்பிரிட்ஜ் வலையருகே குறுக்கே பாய்ந்து முடித்துவைக்கும் ஆள், அவருக்குப் பின்னாலிருந்து பலமாக அடித்து எதிராளியின் பதிலைப் பலவீனமாக்கும் ஒருவர் போதும். ஜோடி என் கண்ணுக்குப் பொருத்தமாகத்தான் தெரிகிறது.

எதிர்ப்பக்கம் பிரச்சினை என்னவென்றால் இரண்டு பேருமே வலைக்காரர்கள். பயஸின் கை வேகம் தெரிந்ததுதான். நவ்ரத்திலோவா 1974ல் பாரிஸில் இவான் மோலினாவுடன் தன் முதல் கிராண்ட்ஸ்லாம் பட்டத்தை, அதுவும் கலப்பில், எடுத்தபோது டானிலிடு பிறந்திருக்கவே இல்லை. அதற்கு எட்டு வருடம் கழித்துத்தான் பிறந்தார். வயதைப் பார்த்து நவ்ரத்திலோவா பக்கம் அடிக்கலாம் என்று யாராவது கணக்குப் போட்டிருந்தால் அது தவறான கணக்கு, அந்த வயதிலும் வாலியில் அவரை மிஞ்சியவர்கள் குறைவு.

இன்னொன்று: அந்த ஜனவரி முழுவதையும் சேர்த்துப் பாருங்கள். முதல் வாரம் ஆக்லாந்து பட்டம். மெல்போர்னில் ஒற்றையர் நாலாவது சுற்று, அங்கே செரீனாவிடம் தோல்வி. எந்த செரீனா? பிரெஞ்சு, விம்பிள்டன், அமெரிக்க ஓப்பன் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு நாலாவதை எடுக்க வந்த செரீனா. அப்புறம் கலப்பில் இறுதி. 20 வயதில் ஒரு மாதத்தில் இவ்வளவு என்றால் யாராக இருந்தாலும் இந்தப் பெண் முதல் பத்துக்குப் போவார் என்றுதான் எழுதியிருப்போம்.

திருச்சி_தேவா எழுதியது:

அந்த இறுதியை நான் ஹாஸ்டல் டிவி அறையில் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் டானிலிடுவை நினைவில்லை, நாங்கள் பயஸுக்குக் கத்திக்கொண்டிருந்தோம், பக்கத்து அறையில் இருந்தவர்கள் கிரிக்கெட் மாற்று என்று சண்டை போட்டார்கள். பயஸ் மெட்ராஸில் அமிர்தராஜ் அகாடமியில் வளர்ந்த பையன் என்பதால் எங்கள் ஹாஸ்டலில் அவரை நம் ஊர் ஆளாகவே சேர்த்துவிட்டோம்.

கயல் எழுதியது:

சரி, ஒரு ஒப்பீடு. சானியா மிர்சா ஒற்றையரில் 27ஆம் இடம், ஒரே ஒரு பட்டம், 2005 ஹைதராபாத். கிராண்ட்ஸ்லாமில் சிறந்தது 2005 அமெரிக்க ஓப்பன் நாலாவது சுற்று. டானிலிடு 14, 5 பட்டம், கிராண்ட்ஸ்லாமில் அதே நாலாவது சுற்று. ஒற்றையரை மட்டும் எடுத்தால் டானிலிடு மேலே, இதை நான் மறுக்கவில்லை. ஆனால் சானியா எத்தனை விளம்பரம், எத்தனை தலைப்புச் செய்தி! டானிலிடுவுக்கு அவர் நாட்டில் அதில் பாதியாவது கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்தான். கால்பந்தும் கூடைப்பந்தும் முழுப் பக்கத்தைத் தின்றுவிடும் நாடு.

ஆக, மறக்கப்பட்டவர் என்பதில் பாலா அண்ணாவோடு ஒத்துப்போகிறேன். மிகச் சிறந்தவர் என்பதில் இல்லை. இரண்டும் வேறு வேறு விஷயம்.

புல்தரை_பாலா எழுதியது:

சானியா பின்னால் இரட்டையருக்குப் போய் முதலிடம் பிடித்து 6 கிராண்ட்ஸ்லாம் எடுத்தார், அவரை இதில் இழுக்க வேண்டாம், வேறு இழையில் ஏற்கெனவே ரத்தக்களரி நடந்துகொண்டிருக்கிறது.

ஒருகை_பேக்ஹேண்ட் எழுதியது:

கயல் சொன்ன அந்த நாலாவது சுற்றுக் கணக்கில் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. டானிலிடு நாலாவது சுற்றுக்கு வந்தது ஒரு முறை அல்ல, மூன்று வெவ்வேறு கிராண்ட்ஸ்லாம்களில். 2002 விம்பிள்டன், 2003 ஆஸ்திரேலியா, 2004 அமெரிக்கா. மூன்றும் களிமண் அல்லாத தரைகள், மூன்றிலும் அதே இடத்தில் கதவு மூடியது. காலிறுதி ஒன்றுகூட இல்லை.

அவருடைய ஆட்டத்தின் வரம்பு அங்கே தெரிகிறது என்பது என் எண்ணம். முதல் மூன்று சுற்றுகளில் எதிராளிகளை சர்வும் ஃபோர்ஹேண்டும் வைத்து அடித்து நொறுக்க முடியும். இரண்டாவது வாரத்துக்கு வருகிறவர்கள் பேக்ஹேண்ட் பக்கத்தை விடாமல் குடைவார்கள். அங்கே ஸ்லைஸை மட்டும் வைத்துத் தப்பிக்க முடியாது, மூன்று நாலு அடிக்கு ஒரு முறையாவது மேலே சுழற்றி அடித்து எதிராளியைப் பின்னால் தள்ள வேண்டும். ஹெனினுக்கு அது இருந்தது, அதனால்தான் உயரம் குறைவாக இருந்தும் 7 கிராண்ட்ஸ்லாம். நகர்வும் ஒரு காரணம், ஆறடிக்காரர்கள் பக்கவாட்டில் ஓடும்போது எடுத்துக்கொள்ளும் அந்த அரை அடி தாமதம்.

நெட்கார்டு_நாகு எழுதியது:

பின்னாளைப் பற்றியும் யாராவது சொல்ல வேண்டும். 2008 ஹோபார்ட்தான் கடைசி ஒற்றையர் பட்டம். அதற்குப் பிறகும் உடனே நிறுத்தவில்லை, தரவரிசை இறங்க இறங்கத் தகுதிச் சுற்றுகள், சிறிய ஐடிஎஃப் போட்டிகள் என்று வருடக்கணக்கில் ஆடினார். இந்தப் பகுதியை நம் ஆட்கள் "இழுத்துக்கொண்டே இருந்தார்" என்று கிண்டல் செய்வார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. 14ஆம் இடத்தில் இருந்து கிராண்ட்ஸ்லாமில் சீட் (முன்னணி ஆட்டக்காரர்களுக்குத் தரும் வரிசை எண்) பெற்று ஆடியவர், கூட்டமே இல்லாத ஒரு கோர்ட்டில் காலையில் தகுதிச் சுற்று ஆடப் போகிறார் என்றால் ஆட்டம் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். பணத்துக்காகவும் இருக்கலாம், அதிலும் என்ன தவறு? அந்த அளவில் விமான டிக்கெட்டும் பயிற்சியாளர் சம்பளமும் கழித்தால் மிஞ்சுவது சொற்பம் என்று சுற்றில் இருப்பவர்கள் எல்லோரும் சொல்வார்கள்.

நாடுகளுக்கு இடையிலான ஃபெட் கோப்பையையும் சேர்க்க வேண்டும். கிரீஸ் உலகப் பிரிவில் இல்லை, ஐரோப்பா/ஆப்பிரிக்கா மண்டலத்தில்தான் ஆடிக்கொண்டிருந்தது. ஒரே வாரத்தில் வரிசையாக ஆட்டங்கள், கேமரா கிடையாது. அந்த அணியின் பெரிய பாரம் அவர் தோளில்தான்.

இரண்டாம்_சர்வ் எழுதியது:

மெல்போர்ன் பற்றிக் கடைசியாக ஒன்று. அங்கே கிரேக்க வம்சாவளியினர் மிக அதிகம். 2006ல் பாக்தாதிஸ் இறுதி வரை போனபோது நீல வெள்ளைக் கொடியும் பாட்டுமாக அரங்கையே எடுத்துக்கொண்டார்கள், யூடியூபில் பார்க்கலாம். பின்னால் சிட்சிபாஸுக்கும் சக்காரிக்கும் அதே கூட்டம். டானிலிடு சரியான ஊரில்தான் சரியான மாதத்தில் ஆடினார், மூன்று வருடம் முன்னால் வந்துவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றும்.

மாறன்77 எழுதியது:

எனக்கு 2003ஐ விட 2004 அமெரிக்க ஓப்பன்தான் உறுத்தும். நாலாவது சுற்றில் எதிரே ஷினோபு அசாகோ, ஜப்பான்காரர். சீட் இல்லாதவர். செரீனாவோ ஹெனினோ இல்லை. ஜெயித்திருந்தால் காலிறுதி, கிரேக்கப் பெண் யாரும் அதுவரை தொடாத இடம். அசாகோ ஜெயித்து, காலிறுதியில் டேவன்போர்ட்டிடம் போய்த் தோற்றார். டானிலிடு ஜெயித்திருந்தாலும் டேவன்போர்ட்டிடம் தோற்றிருப்பார் என்பது வேறு கதை, அன்றைய டேவன்போர்ட்டை ஹார்ட் கோர்ட்டில் யார் அடிப்பது. ஆனால் "காலிறுதி" என்ற ஒரு சொல் அவர் பெயருக்கு எதிரே இருந்திருக்கும்.

கயல் எழுதியது:

டேவன்போர்ட் அந்தக் கோடையில் வரிசையாகப் பட்டம் எடுத்துக்கொண்டு வந்தவர், ஆமாம். அரையிறுதியில் அவரையே குஸ்நெட்சோவா அடித்தாரே. அந்த வருட நியூயார்க்கில் யாருக்கும் எதுவும் நடக்கலாம் என்றுதான் இருந்தது. அதனால் "எப்படியும் தோற்றிருப்பார்" என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன் சார்.

புல்தரை_பாலா எழுதியது:

பாருங்கள், இப்போது கயலே டானிலிடு பக்கம் வாதாடுகிறார் :) ரோஸ்மாலன் 2002 இறுதி யாரிடமாவது முழுமையாக இருந்தால் இங்கே சுட்டி போடுங்கள். எனக்குக் கிடைத்ததெல்லாம் துண்டு துண்டாக, அதிலும் பாதி டெமென்டியேவா டபுள் ஃபால்ட் போடுவதுதான் இருக்கிறது.